கயிற்றின் மறுமுனை

காவிரியில் புதுநீர் வரும் ஆண்டுதோறும் குடந்தைச் சுற்றுப்புறத்தில் நீரில் மூழ்கியோர் செய்தி நம் செவிக்கு எட்டுகிறது. மூழ்கியவரை மீட்கும் கலையை, மூழ்குவதையே தொழிலாகக் கொண்ட முத்துக்குளிப்போர் எங்ஙனம் வகுத்திருந்தனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

14ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைத் தமது ‘ரிஹ்லா’வில் விவரிக்கிறார். ஆமையோட்டுக் கவ்வியை மூக்கில் பொருத்தி, இடையில் கயிறு கட்டி மூழ்குவர். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பர். மறுமுனையைப் பிடித்திருப்பவர் இழுத்தெடுப்பார். சிலர் ஓரிரு மணிநேரம் நீருள் இருப்பர் என்று அவர் எழுதியதை நாம் ஏற்பதற்கில்லை. மூச்சடக்கி உழைப்போர்க்கு ஓரிரு நிமிடமே எல்லை. ஆயின் கயிறு பற்றிய செய்தி மெய்யானது. வளைகுடா அரபியில் மூழ்குபவருக்குக் ‘கைஸ்’ என்றும், இழுப்பவருக்கு ‘ஸைப்’ என்றும் தனிப்பெயர்கள் வழங்கின.

நமது மன்னார் வளைகுடாவிலும் இதுவே முறை. பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் கல்லின் பாரத்தால் பல பாகம் ஆழம் இறங்கினர். இருவருக்கு ஒரு கல். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவார். சுறாவுக்கு அஞ்சிக் ‘கடல்கட்டி’யின் மந்திரத்தையும் நாடினர். உயிர் காத்ததோ இழுப்பவரின் கையே. மேலெழும்போது நீரழுத்தம் குறைவதால் குருதியில் பிராணவாயு திடீரெனத் தாழும்; நீர்மட்டத்தை நெருங்கும் தறுவாயில் ஓசையின்றி மயக்கம் வரும். அவ்வேளை மயங்கியவரால் உதவி கோர இயலாது.

தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்தது. கம்ப்ரசர் குழாய்வழிக் காற்றுப் பெற்று மூழ்கும் முறை பின்னர்ப் பல கடல்களில் பரவியது. நெடுநேரம் ஆழத்தில் சுவாசித்தபின் விரைந்து மேலெழுந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டுவலியும் முடக்குவாதமும் நேரும். இதன் காரணத்தைப் பால் பேர் 1878இல் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்துப் பிராணவாயு அளித்து, அழுத்த அறையுள்ள மருத்துவமனைக்கு விரைந்து சேர்ப்பிக்க வேண்டும். வலி தீர மீண்டும் மூழ்குவது பேராபத்து.

ஆற்றில் மூழ்கி மூச்சற்றவருக்கோ, தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்குவதால் பயனில்லை. காலம் தாழ்த்தாது வாய்வழி மூச்சூட்டி, நாடி இல்லையேல் மார்பையும் அழுத்த வேண்டும். இதனை நம் மதரஸா மாணவரும் கற்றல் நலம். படித்துறையில் இறங்கும் பிள்ளைக்குக் கரையில் கண்ணிமைக்காத ஒரு ‘ஸைப்’ இருத்தல் அதனினும் நலம்.