வாணவேடிக்கை பார்க்கப் போனவர்கள்

வாணவேடிக்கை விபத்துன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெடிமருந்து, தீக்காயம், யார் வீட்டுக் கூரையிலோ போய் விழுந்த ராக்கெட். ஆனா சரித்திரத்தில் பேர் வாங்கிய சில வாணவேடிக்கைகளைப் பற்றிப் படிச்சா, மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தது வெடியால் இல்லை. வேடிக்கை பார்த்துட்டு வீட்டுக்கு நடந்து போகும் வழியில்.

மூணு ஊர், மூணு ராத்திரி. வரிசையா சொல்றேன்.

லண்டன், 1749

ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1748-ல் ஒரு உடன்படிக்கையோடு முடிந்தது. அதைக் கொண்டாட ராஜா இரண்டாம் ஜார்ஜ் லண்டன் கிரீன் பார்க்கில் பெரிய வாணவேடிக்கைக்கு ஏற்பாடு செய்தார். செர்வண்டோனி என்கிற பிரபல நாடக அரங்க அமைப்பாளரைக் கூட்டி வந்து, மரத்தில் ஒரு அரண்மனையையே கட்ட வைத்தார்கள். நீளம் 410 அடி! இசை ஹாண்டெல். ராஜாவுக்கு வயலின் எல்லாம் வேண்டாமாம், டிரம்பெட், டிரம்னு ராணுவ வாத்தியமா இருக்கணுமாம்.

ஏப்ரல் 21 அன்று வாக்ஸ்ஹால் தோட்டத்தில் இசைக்கு மட்டும் ஒரு ஒத்திகை. வெறும் ஒத்திகைக்கே 12,000 பேருக்கு மேல் வந்துட்டாங்கன்னு அன்றைய பத்திரிகை சொல்கிறது. நகரத்திலிருந்து தேம்ஸ் நதியைத் தாண்ட அப்போது லண்டன் பாலம் ஒண்ணு தான். மூணு மணி நேரம் டிராபிக் ஜாம். குதிரை வண்டிக் காலத்திலேயே!

ஏப்ரல் 27, நிஜமான நாள். மழை. ஈரத்தில் பாதி வெடி வெடிக்கலை, மர அரண்மனையின் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்தது. தன் படைப்பு கண் முன்னால் எரிவதைப் பார்த்த செர்வண்டோனி, பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ஃப்ரெடரிக் என்கிற அதிகாரி மேல் வாளை உருவிட்டார். கைது. மறுநாள் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். அப்படியே சினிமா சீன் :-)

ஆனா இவ்வளவு குளறுபடி நடந்தும் மக்கள் நசுங்கிச் சாகவில்லை. அது திறந்த பூங்கா. கூட்டம் உள்ளே வருவதற்காக மதில் சுவரையே இடித்து வழி பண்ணியிருந்தார்கள். தீ பிடிச்சா நாலா பக்கமும் ஓட இடம் இருந்தது. இதை மனசில் வச்சுக்கோங்க.

(இடையில் ஒரு தகவல்: அன்று வானத்தில் கலரே கிடையாது. மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒளி மட்டும் தான். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை எல்லாம் பளிச்சென்று வந்தது 19-ம் நூற்றாண்டில், பொட்டாசியம் குளோரேட் வெடிக்குள் நுழைந்த பிறகு.)

பாரிஸ், 1770

பிரெஞ்சு இளவரசருக்கு 15 வயது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த மணப்பெண் மேரி அன்டாய்னெட்டுக்கு 14. கல்யாணம் மே 16 அன்று வெர்சாய் அரண்மனையில் நடந்தது. மே 30 அன்று பாரிஸ் நகர நிர்வாகம் தன் பங்குக்குப் பதினைந்தாம் லூயி சதுக்கத்தில் வாணவேடிக்கை வைத்தது. வெடிகள், அந்தத் தொழிலில் பேர் போன ருஜியேரி குடும்பத்துடையது.

இங்கேயும் அதே கதை, மர அலங்காரம் தீப்பிடித்தது. ஆனா ஆட்களைக் கொன்றது அந்தத் தீ இல்லை. சதுக்கத்தின் ஒரு பக்கம் சேன் நதி, இன்னொரு பக்கம் அரண்மனைத் தோட்டம். வடக்கே இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் ரூ ருவாயால் என்கிற தெரு. அங்கே கட்டட வேலை முடியலை, பள்ளங்கள் அப்படியே கிடந்தன. வேடிக்கை முடிந்ததும் சதுக்கத்திலிருந்து கூட்டம் அந்தத் தெருவுக்குள் புகுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கு அலங்காரம் பார்க்க இன்னொரு கூட்டம் உள்ளே வந்து கொண்டிருந்தது. நடுவில் குதிரை வண்டிகள் வேறு. பள்ளத்தில் ஒருவர் விழ, அவர் மேல் அடுத்தவர் விழ... அதிகாரபூர்வக் கணக்கு 132 பேர்.

மேரி அன்டாய்னெட் அப்போது வேடிக்கை பார்க்க வண்டியில் வந்து கொண்டிருந்தார். சேதி கேட்டு வழியிலேயே திரும்பிப் போனார். இளவரசர் தன் மாதப் படிப் பணத்தை, இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொல்லி பாரிஸ் போலீஸ் தலைமை அதிகாரிக்கு அனுப்பி வைத்தார்.

இறந்தவர்களைப் பக்கத்தில் இருந்த மாதலேன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 23 வருஷம் கழித்து, 1793-ல், அதே சதுக்கத்தில் (இன்றைய கான்கார்ட் சதுக்கம்) பதினாறாம் லூயியின் தலையும் மேரி அன்டாய்னெட்டின் தலையும் வெட்டப்பட்டன. இருவரையும் புதைத்தது அதே மாதலேன் தோட்டத்தில். தங்கள் கல்யாண வேடிக்கையில் செத்தவர்களோடு கொஞ்ச வருஷம் ஒரே மண்ணில் கிடந்தார்கள். 1815-ல் ராஜா ராணியை மட்டும் தோண்டி எடுத்து, மரியாதையோடு சான் தெனி தேவாலயத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த 132 பேருக்கு அந்த மரியாதை கிடைக்கலை.

அகாஷி, 2001

இது ஜப்பானில், கோபே பக்கத்தில். ஜூலை 21, கோடைத் திருவிழா வாணவேடிக்கை. அசாகிரி ரயில் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு நடைமேம்பாலம். நீளம் சுமார் 100 மீட்டர், அகலம் 6 மீட்டர். ஆனா முடிவில் இருக்கும் படிக்கட்டு 3 மீட்டர் தான். படிக்கட்டு இறங்கும் இடத்தில் கடைகள்.

வேடிக்கை முடிந்தது, கடற்கரையிலிருந்து கூட்டம் ரயிலைப் பிடிக்க மேலே ஏறியது. ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் இன்னும் கீழே இறங்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் 13-லிருந்து 15 பேர் நின்றார்கள்னு விசாரணையில் சொன்னார்கள். ஒரு கட்டில் அளவு இடத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல்! 11 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் குழந்தைகள்.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் வேற. ஏழு மாசம் முன்னால் அதே கடற்கரையில் புத்தாண்டு நிகழ்ச்சி நடந்தது, அப்போதே அந்தப் பாலத்தில் நெரிசல். அந்த நிகழ்ச்சிக்குப் போட்ட பாதுகாப்புத் திட்டத்தையே பெரும்பாலும் காப்பி பேஸ்ட் பண்ணி இந்தத் திருவிழாவுக்கும் வைத்திருந்தார்கள். பழைய கோடை எடுத்து புது ப்ராஜெக்டில் ஒட்டுற வேலை எல்லாம் எங்க ஆபீசில் தினம் நடக்கும். அதிகபட்சம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன் வரும், அவ்வளவு தான். இங்கே அது குழந்தைகள் உயிர்.

பின்னாடி மாநகராட்சி, போலீஸ், தனியார் காவல் நிறுவனம்னு மூணு பக்கத்தையும் சேர்ந்த ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது.

பாரிசுக்கும் அகாஷிக்கும் நடுவில் 231 வருஷம். வெடி மாறிடுச்சு, கலர் வந்துடுச்சு, கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினா ராக்கெட் கிளம்புது. ஆனா கொன்றது ரெண்டு இடத்திலும் ஒண்ணு தான்: ஒரே குறுகிய வழி, எதிரும் புதிருமாக ரெண்டு கூட்டம். எங்க பாஷையில் டெட்லாக். அவன் விட்டா இவன் போவான், இவன் விட்டா அவன் போவான். சிஸ்டம்னா ரீஸ்டார்ட் பண்ணிடலாம்.

இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வர ஒரு வழி, போக ஒரு வழி, நடுவில் ஒரு கயிறு, கயிற்றைப் பிடிக்க நாலு ஆள். லட்சக்கணக்கில் வெடிக்குச் செலவு செய்பவர்கள் இந்தக் கயிற்றுக்குக் காசு ஒதுக்கியிருக்காங்களான்னு தான் நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். அடுத்த தடவை வாணவேடிக்கைக்கோ தேர்த்திருவிழாவுக்கோ குழந்தையைத் தோளில் வச்சுக்கிட்டுப் போகும்போது நீங்களும் பாருங்க. அண்ணாந்து பார்க்கிறதுக்கு முன்னாடி, திரும்பிப் போற வழி எதுன்னு ஒரு தடவை.