பரிசிலாய் வந்த குப்பி

நன்றிக்கு மது வழங்குவது மேனாட்டு வழக்கமென்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அதியமான் நெடுமான் அஞ்சி, சிறிதளவே கள் கிடைப்பின் அதனைத் தமக்கே ஈந்ததை, அவன் மறைந்தபின் ஔவையார் நினைந்து இரங்கியது புறநானூற்றின் 235ஆம் பாட்டு. 56ஆம் பாட்டிலோ, யவனர் கொணர்ந்த தேறல் பருகி இனிது வாழ்கவெனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் யவனச் சாடிகள் அவ்வணிகத்துக்குச் சான்று.

இன்று உதவி செய்தார்க்கு விஸ்கி வாங்கப் புகும் நம் அன்பர்கள் பெட்டியின் பொலிவில் மயங்குகின்றனர். காணவேண்டியது குப்பியின்மேல் உள்ள எழுத்து. மலிவான நம் நாட்டு விஸ்கியிற் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம் கலந்தது. 'சிங்கிள் மால்ட்' என்பது முளைகட்டிய வாற்கோதுமை ஒன்றையே கொண்டு ஒரே வடிசாலையில் வடித்தது.

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், கம்பிபுரத்தில் அத்தகைய வடிசாலை ஒன்றுண்டு. இராதாகிருஷ்ண ஜக்தாளே 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனத்தினது அது. அதன் சிங்கிள் மால்ட் 2004இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது எங்கே? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்! கொல்லன் தெருவில் ஊசி விற்கும் துணிவன்றோ இது?

ஸ்காட்லாந்தின் குளிரில் மரப்பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்களவே ஆவியாகும். இங்கு ஏறத்தாழ 10 பங்கு. வெம்மையால் நாலைந்து ஆண்டிலேயே சரக்கு முதிர்ந்துவிடும். வயது குறைவென்று ஒதுக்கற்க.

பெறுபவர் மது அருந்துபவர்தாமா என்பதை முன்னரே அறிதல் நலம். அருந்தாதவர்க்கும் நம் ஊரில் குப்பி உண்டு. முதல் உலகப்போரால் ஜெர்மனிக்குச் சந்தன மரம் அனுப்புதல் தடைப்படவே, மரத்தை இங்கேயே வடிக்க மைசூரில் 1917இல் ஓர் ஆலை எழுந்தது. அந்தச் சந்தன எண்ணெயில் ஒரு சிறு குப்பி போதும்.