வீட்டுப் பணியும் சிறுவர் கல்வியும்

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. அம்மலையின் அடிவாரத்திலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் ஆண்டு விழாவில் கூடும்போதெல்லாம், பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்களா என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்கிறோம். அது வேண்டிய வினாவே. இவ்வாண்டு அதனோடு மற்றொன்றையும் சேர்த்து வினவ விழைகிறோம். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு வேலையேனும் செய்கின்றனரா?

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு காலத்தில் சென்னை ராஜ்யம் முழுவதையும் கலக்கிய வினா இது. நம் சித்தூர் மாவட்டமும் அப்போது அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. அதனைக் கூறுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காத்துக் கிளி ஓட்டுகின்றனர். நெய்தல் நிலத்துச் சிறுமியர் உணங்கும் மீனைப் பறவைகள் கவராமல் காக்கின்றனர். குழந்தையின் விளையாட்டும் வீட்டுப் பணியின் சாயலையே கொண்டிருந்தது. மணலில் சிறு வீடு கட்டுவதும், சிறு சோறு சமைப்பதும் பெண் குழந்தைகளின் ஆட்டம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என்றொரு பருவம் உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருவான். அழிக்க வேண்டாம் என்று அவர்கள் இரந்து நிற்பார்கள். கட்டுபவள் பெண், சிதைப்பவன் ஆண் என்னும் வழக்கம் கவிதைக்கு அழகாக இருக்கலாம். இல்லறத்திற்கு அது அழகாகுமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வழக்கத்தைச் சற்றே மாற்றிக் காட்டிய இடம் ஒன்று, தாயகத்திற்கு வெகு தொலைவில் தோன்றியது. 1910-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் திரான்சுவால் நாட்டில் இந்தியர் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோருள் தமிழர் மிகப் பலர். சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பது எவ்வாறு என்ற கவலை காந்தியடிகளுக்கு ஏற்பட்டது. அவருடைய நண்பரும் கட்டிடக் கலைஞருமான காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தமக்கிருந்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் ஆகியோர் அங்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தனர். அவர்களுள் இருபது முப்பது பேர் சிறுவர் சிறுமியர்.

பண்ணையில் வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாப் பணிகளையும் அங்கு வாழ்ந்தவர்களே செய்தனர். ஊற்று சுமார் 500 கஜத் தொலைவில் இருந்தது. தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். சமையற்கூடம் ஒன்றே. அதனைப் பெண்கள் நடத்தினர். ஆனால் ஆண்களும் முறைவைத்து உதவினர். காந்தியடிகளும் அவர்களுள் ஒருவர். அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். அவரவர் பாத்திரத்தை அவரவரே கழுவினர். பொதுப் பாத்திரங்களுக்கு முறை வைத்துக்கொண்டனர். சிறுவர்கள் குழி வெட்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர், செருப்புத் தைக்கவும் கற்றனர். முற்பகல் உழைப்பு, பிற்பகல் பள்ளி. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர், அம்மொழியைச் சிறிதளவே கற்றிருந்த காந்தியடிகளே.

அங்கு நிலவிய விதி ஒன்று நம் கருத்தில் நிற்கத் தக்கது. ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவலாகாது; பிள்ளைகள் வேலை செய்யும்போது ஆசிரியரும் உடனிருந்து செய்ய வேண்டும். பின்னர் 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்விக்கும் இவ்வனுபவம் அடிப்படையாயிற்று. சேவாகிராமத்தில் அக்கல்வியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இனி, சென்னை ராஜ்யத்தைக் கலக்கிய செய்திக்கு வருவோம். 1953-ஆம் ஆண்டு முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதியதொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பையன்கள் தந்தையின் தொழிலையும் பெண்கள் தாயிடம் வீட்டுப் பணிகளையும் பழக வேண்டும். பள்ளியை இரு நேர முறையாக்கினால், அதே கட்டிடத்தில் கூடுதலான பிள்ளைகள் படிக்கலாம் என்பதும் அதன் நோக்கம். உழைப்பை உயர்த்தும் எண்ணம் அதில் இல்லையென்று கூற இயலாது. ஆனால் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதனைக் குலக்கல்வி என்றழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசிலும் பலர் எதிர்த்தனர். வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் சக்கரம் சுற்றவும் மட்டுமே பழகினால், அவன் வேறு எதுவாக ஆவது எங்ஙனம் என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு விடையில்லை. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் தோன்ற, நம் மாவட்டம் அதனுள் சேர்ந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பிள்ளைகள் கையால் உழைத்தனர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. பண்ணையில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் எல்லா வேலையும் செய்தான். பெரியோரும் உடன் செய்தனர். மூன்று மணி நேரப் பள்ளியிலோ, பிறப்பே வேலையை வகுத்தது; அதற்குரிய விலையைப் பிள்ளையின் படிப்பு கொடுத்தது. உழைப்பு கல்வியாவதும் தளையாவதும் இவ்வேறுபாட்டிலேயே உள்ளன. இன்றைய சட்டமும் இதனை ஒருவாறு ஏற்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 14 வயதுக்குட்பட்டோரைப் பணியில் அமர்த்துதல் கூடாது என்றும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

நம் காலனி இல்லங்களில் இன்று காணும் குறை வேறு. படிக்கிற பிள்ளையாயிற்றே என்று பையனை ஒரு தம்ளரையும் கழுவ விடுவதில்லை. அதே வீட்டில் அவன் தங்கையை, அவளும் படிக்கிறவளே என்பதை மறந்து, அடுக்களைக்கு அழைக்கிறோம். ஒருவனுக்கு உழைப்பின் அருமை தெரிவதில்லை; மற்றொருத்திக்குப் படிக்கப் பொழுது கிடைப்பதில்லை. குலத்தின் பெயரால் வேலை வகுத்ததை எதிர்த்த நாம், பாலின் பெயரால் வகுப்பதை வீட்டுக்குள் வைத்துக் காத்து வருகிறோம்.

நான்கு வயதுக் குழந்தை தன் துணியை மடிக்கும். ஆறு வயதில் கீரை ஆய்ந்து தரும். தட்டு எடுத்து வைக்கும். எட்டு வயதில் கூடம் பெருக்கும். செடிக்கு நீர் விடும். இவற்றுள் எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. விதி மூன்று போதும்: படிப்புப் பொழுதைத் தொடலாகாது, ஆண் பெண் வேறுபாடு கூடாது, தந்தையும் எழுந்து உடன் செய்ய வேண்டும். மூன்றாவது விதிதான் கடினம். அது இல்லாமல் மற்றவை நில்லா. வேலையினூடே பேசும் பேச்சு தமிழாகவே இருக்குமாதலால், நம் முதல் வினாவுக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

விழா முடிந்து பந்தி அமரும்போது இதனைத் தொடங்கலாம். நம் பையன்களும் பெண்களும் ஒருங்கே இலை போட்டுப் பரிமாறட்டும்; பந்தி முடிந்தபின் நாமும் அவர்களோடு குனிந்து இலை எடுப்போமாக.