கோட்டைத் தாண்டியதா பந்து? கால்பந்தில் காணொளித் தீர்ப்பு வந்த வழி

2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பையின் இரண்டு நாக்-அவுட் ஆட்டங்கள் நடந்தன. பிற்பகலில், புளூம்ஃபோன்டைன் நகரில், இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து கோலின் மேல்சட்டத்தில் பட்டு, கோட்டுக்கு அப்பால் நன்றாகத் தள்ளி விழுந்து, எகிறி வெளியே வந்தது. ஜெர்மனியின் கோல்கீப்பர் மானுவல் நோயர் அதைக் கையில் எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். உருகுவே நடுவர் ஹோர்ஹே லாரியோண்டா கோல் கொடுக்கவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று ஜெர்மனிக்குப் போனது. அன்று இரவு ஜோகன்னஸ்பர்க்கில் அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவேஸ், அப்பட்டமான ஆஃப்சைடில் நின்று தலையால் முட்டி மெக்சிகோவுக்கு எதிராகக் கோல் போட்டார். மைதானத்தின் பெரிய திரை அதை உடனே திரும்பக் காட்டியது. மெக்சிகோ வீரர்கள் திரையைச் சுட்டிக்காட்டியபடி நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தாலிய நடுவர் ராபர்ட்டோ ரொசெட்டி துணை நடுவரிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து கோல் செல்லும் என்றார். திரையில் கண்டதை வைத்துத் தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லை.

இதற்கு ஃபிஃபாவிடமிருந்து முதலில் வந்த பதில், அந்தக் காட்சியை மைதானத்தில் காட்டியதே தவறு என்பதுதான். தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடமும் மெக்சிகோவிடமும் வருத்தம் தெரிவிக்க, ஆட்டங்கள் முடிந்து இரண்டு நாள் ஆயிற்று. காணொளித் தீர்ப்பின் வரலாற்றைப் பொதுவாகக் கருவிகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள். ஆனால் கருவி எப்போதோ கைக்கு வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது விசில் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் போன நிலை எவ்வளவு காலம் சகிக்கப்பட்டது, எப்போது சகிக்க முடியாமல் போனது என்பதே இந்த வரலாற்றின் மையம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1966 ஜூலை 30 அன்று வெம்பிளியில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்தும் மேல்சட்டத்தில் பட்டுத்தான் கீழே விழுந்தது. சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃபிரீட் டீன்ஸ்ட் தெளிவில்லாமல் கோட்டு நடுவரிடம் ஓடினார். சோவியத் நாட்டின் அஜர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பஹ்ராமோவ் தலையசைத்தார், கோல் ஆனது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய படச்சுருளைக் கணினியில் அளந்து, பந்து கோட்டை முழுமையாகத் தாண்டவில்லை என்று முடிவு சொன்னார்கள். அஜர்பைஜானின் பாகூ நகரில் ஒரு மைதானம் இன்றும் பஹ்ராமோவ் பெயரில்தான் இருக்கிறது. அன்றைய தொலைக்காட்சிப் பதிவு அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கும் அளவுக்குத் துல்லியமாக இல்லை. பார்த்தவர்களும் நடுவரும் ஒரே இருட்டில் நின்றார்கள்.

1986இல் அந்த நிலை மாறிவிட்டது. ஜூன் 22, மெக்சிகோ நகரின் ஆஸ்டெகா மைதானம். அர்ஜென்டினாவின் மாரடோனா இடக்கையால் தட்டிய பந்து இங்கிலாந்துக் கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனைத் தாண்டி வலைக்குள் போனதைத் துனீசிய நடுவர் அலி பென்னசூரும் பல்கேரியத் துணை நடுவர் போக்தன் தோச்சேவும் பிடிக்கவில்லை. மறுகாட்சி பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்குச் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் நடுவராக நின்றவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களிடம் இல்லாத ஒரு கண் உலகத்திடம் இருந்தது என்பதே சரியான விவரிப்பு.

பிறகு ஏன் 30 ஆண்டு தாமதம்? கால்பந்தின் விதிகளை வகுப்பது 1886இல் தொடங்கிய சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். அதில் பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு. ஒரு மாற்றம் நிறைவேற ஆறு வாக்கு வேண்டும். ஃபிஃபா விரும்பாத எதுவும் அங்கே நடக்காது. கிரிக்கெட்டில் 1992 நவம்பரில் டர்பனில் சச்சின் டெண்டுல்கர் மூன்றாம் நடுவரால் ரன் அவுட் ஆகிவிட்டார். ஒவ்வொரு பந்துக்கும் பின் இயல்பாகவே நிற்கிற ஆட்டம் அது. கால்பந்துக்கு அந்த இடைவெளி இல்லை. ஓட்டத்தை நிறுத்தினால் ஆட்டமே வேறாகிவிடும் என்ற அச்சம் நேர்மையானது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உலகக் கோப்பையானாலும் ஊர்த் திடலானாலும் ஒரே விதி என்ற பெருமிதமும் அதோடு சேர்ந்துகொண்டது. 2010 மார்ச்சில்கூட, லம்பார்டின் பந்து எகிறுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் முன்பு, கோல்கோட்டுத் தொழில்நுட்பத்தை வாரியம் நிராகரித்தது.

அதற்கு நான்கு மாதம் முன்புதான், 2009 நவம்பர் 18 அன்று, பாரிஸில் பிரான்ஸின் தியரி ஆன்றி பந்தைக் கையால் நிறுத்தி வில்லியம் கல்லாஸுக்குக் கொடுக்க, அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்திருந்தது. அயர்லாந்துச் சங்கம் வழக்குக்குப் போகாமல் இருப்பதற்காக ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது என்பது 2015இல்தான் வெளியே வந்தது.

ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் தலைவர் மிஷேல் பிளாட்டினி, கோலுக்குப் பக்கத்தில் இன்னொரு நடுவரை நிறுத்தினால் போதும் என்று நம்பினார். 2012 யூரோ போட்டியில் உக்ரைன் வீரர் மார்கோ தேவிச்சின் பந்தை இங்கிலாந்தின் ஜான் டெர்ரி கோட்டைத் தாண்டிய பிறகே உதைத்து வெளியேற்றினார். கூடுதல் நடுவர் பக்கத்திலேயே நின்றும் கோல் கிடைக்கவில்லை. சில வாரங்களில், ஜூலை 5 அன்று, வாரியம் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் தந்தது. 2014 உலகக் கோப்பையில் ஹோண்டுராஸுக்கு எதிரான பிரான்ஸின் கோல் ஒன்றை அந்தக் கருவி உறுதி செய்தது. பந்து கோட்டைத் தாண்டியதா என்பது ஆம், இல்லை என்று விடை உள்ள கேள்வி. அதனால் இந்தக் கட்டம் ஏறக்குறைய சண்டையில்லாமல் முடிந்தது.

சண்டை அடுத்த கட்டத்தில் வந்தது. நெதர்லாந்துச் சங்கம் காணொளி உதவி நடுவர் முறையை, அதாவது விஏஆரை, முதலில் ஆட்டத்தில் தலையிடாமல் ஒத்திகை பார்த்தது. 2016இல் வாரியம் அனுமதித்ததும் அந்நாட்டுக் கோப்பைப் போட்டியில் அயாக்ஸுக்கு எதிராக ஆடிய அனுவார் காலியின் மஞ்சள் அட்டை சிவப்பாக மாறியது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் அடையாளத் தவறு ஆகிய நான்கில் மட்டும், அதுவும் தெளிவான, வெளிப்படையான தவறு இருந்தால் மட்டும் தலையீடு. கடைசிச் சொல் களநடுவருக்கே என்பது அன்றைய ஏற்பாடு. 2018 மார்ச்சில் அது விதிப்புத்தகத்தில் ஏறியது. ரஷ்ய உலகக் கோப்பைக்கு இத்திட்டத்தை ஃபிஃபாவுக்காக வழிநடத்தியவர் வேறு யாருமல்ல, ஜோகன்னஸ்பர்க்கில் கைகட்டி நின்ற அதே ரொசெட்டி.

அந்தத் தொடரின் இறுதி ஆட்டம் இம்முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே காட்சியில் காட்டியது. பிரான்ஸின் கார்னரில் வந்த பந்து குரோஷியாவின் இவான் பெரிசிச் கையில் பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா ஓரத்துத் திரைக்கு ஓடினார், பார்த்தார், நகர்ந்தார், மறுபடி திரும்பிப் போய்ப் பார்த்தார், பிறகு பெனால்டி என்றார். 38ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் அதைக் கோலாக்கினார். கை பட்டதா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது குற்றமா என்பதே கேள்வி. அதற்குக் கேமராவிடம் விடை கிடையாது. வேகத்தைக் குறைத்துக் காட்டினால் நடுவர்கள் கூடுதலாகச் சிவப்பு அட்டை தருகிறார்கள் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டியிருக்கிறார்கள். மெதுவாக நகரும் கை, யோசித்து நகர்த்திய கை போலத் தோன்றிவிடுகிறது.

பார்வை கூர்மையானபோது விதியும் அதற்கேற்ப வளைந்தது என்பது இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி. 2019இல் ஹேண்ட்பால் விதி திருத்தி எழுதப்பட்டது. பெனால்டி உதைக்கப்படும்போது கோல்கீப்பரின் ஒரு கால் கோட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் அதே ஆண்டில் வந்தது. ஜூன் 19 அன்று பெண்கள் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 3-0 முன்னிலையில் இருந்த ஸ்காட்லாந்து 3-2 என்று தளர்ந்திருந்த கடைசி நேரத்தில், கோல்கீப்பர் லீ அலெக்சாண்டர் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அவர் கால் கோட்டைவிட்டு நகர்ந்திருந்ததைக் காணொளி கண்டது. மறுபடி உதைக்கச் சொன்னார்கள். 3-3 ஆகி ஸ்காட்லாந்து வெளியேறியது. மனிதக் கண்ணை மனதில் வைத்து வளர்ந்த வழக்கத்தை, மனிதக் கண்ணுக்கு எட்டாத துல்லியத்தால் அளந்ததன் விலை அது.

ஆஃப்சைடு கோடுகளிலும் இதே சிக்கல். ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். பந்து காலை விட்டுப் புறப்பட்ட கணம் எந்தப் படம் என்பதில் ஒன்று பிசகினாலும் அக்குள் அளவு வித்தியாசத்தை நம்ப முடியாது. 2022இல் கத்தாரில் 12 கேமராக்களும், பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரியும் இந்தக் குறையைப் பெருமளவு போக்கின.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் அதை இயக்கும் அறையில் மனிதர்களே இருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் போட்ட கோலைக் களத்தில் ஆஃப்சைடு என்றார்கள். காணொளி அறையினர், களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தவறாக நினைத்து, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். பின்னர் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவில், அறையில் மறுகாட்சிகளை இயக்கியவர் தவறை உணர்ந்து ஆட்டத்தை நிறுத்தும்படி கேட்பது தெளிவாக இருக்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதே பதில். 2010இல் உண்மை திரையில் இருந்தும் விதி தடுத்தது. 2023இல் உண்மை நடுவரறைக்கே வந்து சேர்ந்தும் விதி தடுத்தது. ஆட்டம் தொடங்கிய பின் திருத்தக் கூடாது என்ற இந்த விதியை வாரியம் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. உணரி வைத்த பந்தால் உலகக் கோப்பை ஆடப்பட்ட அதே கத்தாரில், 2024 ஜூன் 11 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 73ஆவது நிமிடத்தில் இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் தடுத்த பந்து களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். அந்தச் சுற்றில் விஏஆர் கிடையாது. கத்தார் 2-1 என்று ஜெயித்தது. ஜெயித்திருந்தால் மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்க வேண்டிய இந்தியா வெளியேறியது. வீட்டுத் திரையில் பார்த்த நமக்கு அது 1986இன் நிலைதான்.

விஏஆர் எல்லா ஆட்டங்களிலும் இல்லாததற்குச் செலவே முக்கியக் காரணம். முழு விஏஆருக்கு ஏராளமான கேமராக்களும் தனி அறையும் பயிற்சி பெற்ற கூடுதல் நடுவர்களும் வேண்டும். ஏழைச் சங்கங்களுக்காக ஃபிஃபா ஓர் எளிய வடிவத்தை 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பரிசோதித்தது. அதில் காணொளி நடுவர்கள் இல்லை. பயிற்சியாளர் ஒரு ஆட்டத்துக்கு இருமுறை மறுபரிசீலனை கேட்கலாம். சில கேமராக்களின் காட்சியைக் களநடுவரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவு செய்கிறார். ஆசியத் தகுதிச்சுற்றுகளுக்கும் இந்தியன் சூப்பர் லீக் போன்ற தொடர்களுக்கும் உடனடியாகப் பொருந்தக்கூடியது இந்த வடிவமே. அன்று இது இருந்திருந்தால், அப்போதைய இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் மறுபரிசீலனை கேட்டு அந்தக் கோல் ரத்தாகியிருக்கலாம்.