எடுத்தது ஒரு பாடு, காட்டியது பெரும்பாடு

1974 நவம்பரில் ஜேபி என்கிற ஜெயப்பிரகாஷ் நாராயண் பாட்னாவில் பெரிய ஊர்வலத்துக்கு அழைப்பு விடுத்தார். போலீஸ் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடிப்பதைப் படம்பிடித்து வைக்க ஆள் தேடினார்கள். அந்த வேலையில் இறங்கியவர் ஆனந்த் பட்வர்தன், வயது இருபத்துநான்கு. கையில் இருந்தது இரவல் வாங்கிய சூப்பர் 8 கேமரா. காசுள்ள வீடுகளில் பிறந்தநாளும் சுற்றுலாவும் எடுக்கிற கேமரா அது. அந்த ஃபிலிமை ஊர்கூட்டிப் போட்டுக்காட்ட முடியாது. அதனால் எடுத்த காட்சிகளைச் சின்னத் திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையை 16 எம்எம் கேமராவால் மறுபடி படம்பிடித்தார்கள். கறுப்பு வெள்ளையில் அரை மணி நேரப் படம் வந்தது. பெயர் ‘கிராந்தி கி தரங்கேன்’, புரட்சியின் அலைகள். லஞ்சத்துக்கும் விலைவாசிக்கும் எதிராக பீகார் மாணவர்கள் எழுந்ததும், அரசு அவர்களை ஒடுக்கியதும் அதில் இருக்கின்றன.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. ஜேபி சிறைக்குப் போனார். அதன்பின் படத்தை வைத்திருப்பதே ஆபத்து. துண்டு துண்டாக வெட்டி, வெளிநாடு போகிறவர்கள் கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பி, அங்கே ஒட்டிச் சேர்த்தார்கள்.

நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்தவன் நான். புரொஜெக்டரில் ரீல் அறுந்தால் ஒட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று கைக்குத் தெரியும். வேண்டுமென்றே வெட்டிய படத்தை அந்நிய மண்ணில் உட்கார்ந்து வரிசை பிசகாமல் சேர்த்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கசிகிறது. அதிகாரத்தின் தவறைக் காட்டும் ஆவணப்படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்தவரின் துணிச்சலோடு நின்றுவிடுகிறார்கள். நம் நாட்டில் இந்தப் படங்களின் வரலாறு பெரும்பாலும் காட்டுவதற்காக நடந்த போராட்டத்தின் வரலாறுதான்.

அதற்குக் காரணம் உண்டு. 1948இல் மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. அது எடுத்த நியூஸ் ரீலையும் குறும்படத்தையும் ஓட்டாமல் எந்தத் தியேட்டரும் தன் படத்தை ஓட்ட முடியாத நிலை இருந்தது. அதற்கு வாடகையும் கட்டவேண்டியிருந்தது. அணைக்கட்டுத் திறப்பு, அமைச்சர் கைகுலுக்கல், வெள்ளம் வந்தால் நிவாரணம். நல்ல கலைஞர்கள் அங்கே இருந்தார்கள், அருமையான சில படங்களும் வந்தன. ஆனால் ஆவணப்படம் என்றால் சர்க்கார் பேசும், ஜனம் கேட்கும் என்ற பழக்கம் இரண்டு தலைமுறைக்கு ஊறிவிட்டது. வெளியே நின்று எடுத்தவர்களுக்குத் தியேட்டரும் இல்லை, பின்னால் வந்த தொலைக்காட்சியும் இல்லை.

கே.ஏ.அப்பாஸ் 1968இல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி நகரங்களின் பளபளப்பையும் வறுமையையும் அருகருகே வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். சென்சார் ‘ஏ’ சான்றிதழ்தான் தருவோம் என்றது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970இல் தீர்ப்பு வந்தது: முன்தணிக்கை செல்லும். அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பின்னால் வந்த எல்லாரும் வேலை செய்தார்கள்.

பிறகு போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தபன் போஸும் சுஹாசினி முலேயும் எடுத்த ‘பியாண்ட் ஜெனோசைட்’ அந்த ஆலையின் பாதுகாப்புக் கோளாறுகளையும், சாவுக்குப் பின் அரசு நடந்துகொண்ட விதத்தையும் கேள்வி கேட்டது. சென்சார் அதற்கு ‘யு’ சான்றிதழ் தந்தது. தேசிய விருதில் தங்கத் தாமரையும் கிடைத்தது. ஆனால் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்துவிட்டது. விஷயம் பழசாகிவிட்டது, படத்தில் நிதானம் இல்லை, நடுநிலை இல்லை, இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காரணங்கள் சொன்னது. மக்கள் இன்னும் இருமிக்கொண்டிருந்தபோது விஷயம் பழசு என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போய், அரசு மேல்முறையீடு செய்து, 1992இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மாநில அரசைக் குறைசொல்கிறது என்பதற்காக ஒரு படத்தை ஒளிபரப்ப மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கசிவு நடந்து ஏழரை ஆண்டு ஆகியிருந்தது.

அதற்குள் ஊர்களில் வீடியோ டெக் வந்திருந்தது. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் டிவியும் டெக்கும் வாடகைக்கு விடுவார்கள். ராத்திரி வாடகை கொடுத்து எடுத்துக்கொண்டு போய், ரஜினி படம் ஒன்று, நம் கேசட் ஒன்று என்று போடுவோம். போபால் பற்றிய கேசட் ஒன்றை முக்கூடல் பக்கம் ஒரு தெருவில் போட்டோம். ஆங்கிலப் பேச்சுக்கு நான் மைக்கில் தமிழ் சொல்லிக்கொண்டே வந்தேன். பெண்கள் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கத்தரியால் இலை நறுக்குகிற சத்தம் விடாமல் கேட்டது. கண்பார்வை போனவர்கள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கும் காட்சி வந்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. முடிந்தபின் ஓர் ஆச்சி கேட்டாள்: “அந்தக் கம்பேனிக்காரன உள்ள போட்டாவளா தம்பி?”

அந்தக் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சனை 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைது செய்தார்கள், அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள், மாநில அரசின் விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பினார்கள், அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார் என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். 2014இல் ஆண்டர்சன் இறக்கும்வரை இந்திய நீதிமன்றம் எதிலும் வந்து நிற்கவில்லை.

கேசட்டுக்குப் பிறகு சிடி வந்தது, காவலும் தளர்ந்தது. 2001 மார்ச்சில் டெஹல்கா நிருபர்கள், இல்லாத ஓர் ஆயுதக் கம்பெனிக்குப் பெயர் வைத்து, மறைகேமராவோடு அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் சந்தித்து எடுத்த காட்சிகள் வெளியாயின. ஆளுங்கட்சியின் தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்ச ரூபாய் வாங்குவதை நாடே பார்த்தது. மறைகேமரா வழியில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆனால் படம் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை யார் நம்பியிருப்பார்கள்? 2012இல் அவருக்கு நான்கு ஆண்டு தண்டனை கிடைத்தது. குஜராத் கலவரம் பற்றி ராகேஷ் சர்மா எடுத்த ‘ஃபைனல் சொல்யூஷன்’ 2004இல் சென்சாரில் தடைபட்டபோது, அவர் விசிடியை இலவசமாகக் கொடுத்தார். வாங்குகிறவர் ஐந்து பிரதி எடுத்துப் பிறருக்குத் தரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திருட்டு விசிடி என்று போலீஸ் துரத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், தன் படத்தைப் பிரதி எடுக்கச் சொல்லிக் கெஞ்சிய இயக்குநர் அவர். அந்த ஆண்டே தடை நீங்கியது.

எங்கள் ஊர்க் கதை 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும், சிறையில் இருந்தவர்களின் விடுதலையும் கேட்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கினார்கள். தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. ஆர்.ஆர்.சீனிவாசன் அதை ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். நீச்சல் தெரிந்த ஊர்க்காரர்கள் எப்படி முழங்கால் தண்ணீரிலும் பாறையிலும் சாக முடியும் என்று ஆற்றைத் தெரிந்த எவருக்கும் எழுகிற கேள்வி, எழுத்தில் படித்தால் வாதம். திரையில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். நாங்கள் அந்தப் படத்தைக் காட்டிய இடங்களில் விவாதம் என்று எதுவும் நடக்கவில்லை. ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த இன்னொரு சாவைச் சொன்னார்கள்.

2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ வந்தது. மலக்குழிக்குள் மனிதர்களை இறக்கும் வேலையை, அதைத் தடுக்கும் சட்டம் இருந்தும் நடத்துகிறவர்களை, உள்ளே இறங்கியவர்களே பெயர் சொல்லிப் பேசும் படம். பல ஊர்களில் போலீஸ் திரையிட விடவில்லை. படம் யூடியூபில் ஏறியது, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த ஜூலையில் இயக்குநரை 2009ஆம் ஆண்டின் ஒரு போராட்ட வழக்கில் கைது செய்தார்கள்.

இப்போது தடை உத்தரவு காகிதத்தில் வருவதில்லை. மண்டபக்காரருக்கு ஒரு போன் வரும். முன்பணம் வாங்கியவர் மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டு, “சார், மோட்டார் ரிப்பேர், தண்ணி இல்ல, வேற தேதி பாத்துக்கலாம்” என்பார். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால் சட்டம் ஒழுங்கு என்பார்கள். இதற்கான பதிலும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிர்ப்பு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. இடஒதுக்கீட்டைக் குறைசொல்லும் அந்தப் படத்தின் கருத்தில் எனக்குச் சம்மதமில்லை. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை நசுக்கக் கூடாது, அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. திரையிடலுக்கு மண்டபம் கேட்டுப் போகும் பிள்ளைகளிடம் அந்தத் தீர்ப்பின் நகலைக் கொடுத்தனுப்புகிறேன். முன்பணம் கட்டும்போதே மண்டபக்காரரிடம் ஒன்று, மறுநாள் காலை ஸ்டேஷனில் ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.