கசிவோடு வந்த டிரான்சிஸ்டர்

1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் ஊரில் கிளெமென்ஸ் விங்க்ளர் என்ற வேதியியல் பேராசிரியருக்குக் கணக்கு இடித்தது. பக்கத்து வெள்ளிச் சுரங்கத்தில் ஆர்கிரோடைட் என்ற புதுக் கனிமம் கிடைத்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, வெள்ளி, கந்தகம், மற்றவை என எல்லாவற்றையும் கூட்டினால் 93 சதவீதம்தான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் மீதி 7 பிடிபடவில்லை. விடாமல் துரத்தி அவர் பிரித்தெடுத்தது அதுவரை யாரும் பார்த்திராத ஒரு தனிமம். தன் நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: ஜெர்மானியம். சிலிக்கானுக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும், அதன் அணு எடை ஏறத்தாழ 72 இருக்கும் என்று 15 ஆண்டுகளுக்கு முன்பே மெண்டலீவ் எழுதி, அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார்.

கட்டம் நிரம்பியது. ஆனால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஜெர்மானியத்தால் பெரிய பயன் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்கு டையோடு தேவைப்பட்டபோதுதான் அதை மிகத் தூய்மையாக எடுக்கும் வழிகள் தேறின. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் மயிரிழை இடைவெளியில் இரண்டு தங்க முனைகளை அழுத்தி வைத்து, ஒலிச் சைகையைப் பெருக்கிக் காட்டினார்கள். உலகின் முதல் டிரான்சிஸ்டர் அது. சிலிக்கானை விட்டு ஜெர்மானியத்தை எடுத்ததற்குக் காரணம் எளியது. ஜெர்மானியம் 938 டிகிரியில் உருகிவிடும், சிலிக்கானுக்கோ 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அன்றைய உலைகளுக்கு முதலாவதுதான் கைக்கு அடங்கியது.

தொழிற்சாலைக்குப் போனபோது தங்க முனைகள் போய் வேறு முறை வந்தது. ஜெர்மானியத்தை மெல்லிய சில்லாக அறுத்து, இரு பக்கமும் இண்டியம் உலோகத்தின் சிறு மணியை வைத்துச் சூடாக்குவார்கள். இண்டியம் 157 டிகிரியிலேயே உருகும். உருகியது சூடு ஏற ஏறச் சில்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு இரு பக்கமிருந்தும் உள்ளே இறங்கும். நடுவே கரையாமல் மிஞ்சும் மெல்லிய அடுக்குதான் பேஸ். ஒரு பக்க மணி எமிட்டர், மறுபக்கத்துப் பெரிய மணி கலெக்டர். இப்படிப் பிறப்பதுதான் பிஎன்பி வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்.

கிட்டாரின் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலைச் செய்ய உட்காரும் ஒருவர் வேறு எதை மறந்தாலும் இந்த உலையை மறக்கக் கூடாது என்பேன். உலையின் சூடு சற்றே கூடினாலோ குறைந்தாலோ அந்த நடு அடுக்கின் கனம் மாறும். கனம் மாறினால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, மாறும். ஒரே நாளில், ஒரே தட்டில் வெந்து வந்த இரண்டில் ஒன்றின் கெயின் 50, மற்றதன் கெயின் 150 என்றிருக்கும். தொழிற்சாலை அவற்றை அளந்து, பெரிய வரம்புகளுக்குள் பிரித்து, மேலே ஓர் எண்ணை அச்சிடும். அந்த எண் வரம்பைத்தான் சொல்லும். கையிலிருக்கும் ஒன்றின் குணத்தை அதனால் சொல்ல முடியாது.

டிரான்சிஸ்டர் முதலில் போய்ச் சேர்ந்தது காது கேட்கும் கருவிகளிலும் ரேடியோக்களிலும். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோவில் நான்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. விலை 49.95 டாலர். பிரிட்டனில் முல்லார்ட் நிறுவனம் ஓசி71 போன்றவற்றைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கறுப்புச் சாயம் பூசி விற்றது. சாயத்தைச் சுரண்டிவிட்டால் வெளிச்சத்துக்கு அது துலங்கும், ஒளியுணரியாகவே பயன்படுத்தலாம். அதே முல்லார்டின் ஏஎஃப்117 வகையில் உறையின் உட்புறத்துத் தகரத்திலிருந்து நுண்ணிய மீசைகள் முளைத்து வளர்ந்து, உள்ளே ஷார்ட் செய்துவிடும். பயன்படுத்தாமல் டப்பாவில் கிடந்தாலும் முளைக்கும். நம் பக்கத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இல் ஜெர்மானிய செமிகண்டக்டர்களைச் செய்யத் தொடங்கியது. வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஜோடியாக நிற்கும் ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைப் பார்க்க வாய்ப்புண்டு. சுமார் 10 மில்லிமீட்டர் உயரமுள்ள உலோகக் குப்பிகள் அவை.

ரேடியோக்காரர்களுக்கு ஜெர்மானியத்தால் ஒரு தீராத தொல்லை இருந்தது: கசிவு. பேஸுக்கு மின்னோட்டமே கொடுக்காதபோதும் கலெக்டரில் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும், சரியாக மூடாத குழாய் மாதிரி. ஜெர்மானியத்தில் எலக்ட்ரான் விடுபட 0.66 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். சிலிக்கானில் 1.12 வேண்டும். அறையின் சூடே ஜெர்மானியத்தில் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை கசிவு இரட்டிக்கும். 1954இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தது. 1960களின் முடிவுக்குள் ஜெர்மானியத்தின் காலம் ஏறத்தாழ முடிந்துபோனது. ரேடியோவைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான்.

கிட்டாருக்கு அது வந்த வழி வேறு. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பாடகர் மார்ட்டி ராபின்ஸ் ‘டோன்ட் வொரி’ பாடலைப் பதிவு செய்தார். கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் கிட்டார் வாசித்த சேனலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், ஒலி கிழிந்து கரகரத்து வந்தது. அதை நீக்காமல் வைத்தார்கள், பாட்டும் ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க ஒரு சர்க்யூட் செய்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்றது. உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 3 வோல்ட் பேட்டரி. 1965இல் இந்தப் பெடல் ஒலிக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகு கிட்டார் கலைஞர்கள் எல்லோருக்கும் ஒரு ஃபஸ் வேண்டியிருந்தது.

1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வட்டமான உலோக உறையில் ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலைக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து அந்த வடிவம் தோன்றியதாகச் சொல்வார்கள். உள்ளே இருந்தவை நியூமார்க்கெட் ஊரில் செய்யப்பட்ட இரண்டு என்கேடி275 டிரான்சிஸ்டர்கள். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் போட்டு வாசித்தது இந்த வட்டப் பெட்டியைத்தான். அவருக்குக் கருவிகளைத் திருத்திக் கொடுத்த ரோஜர் மேயர், பிரிட்டிஷ் கடற்படை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பாகங்களை அளந்து பொறுக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தவருக்கு இயல்பாகவே இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியில் மொத்தம் 11 பாகங்கள்தான். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு கண்ட்ரோல். எலெக்ட்ரானிக்ஸ் கற்க வரும் கிட்டார் பிரியருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் இதில் சும்மா நிற்கும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

கிட்டாரிலிருந்து வரும் சைகை முதலில் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கடக்கிறது. நேர்மின்னோட்டத்தை நிறுத்தி, ஒலியை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம். அந்தக் கலெக்டரோடு இரண்டாவதன் பேஸ் நேரடியாக இணைந்திருக்கிறது, நடுவில் கெப்பாசிட்டர் இல்லை. அதனால் முதலாவது கொஞ்சம் நகர்ந்தாலும் இரண்டாவது சேர்ந்து நகரும். இரண்டாவதன் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் ஒன்று முதலாவதன் பேஸுக்குத் திரும்பி வந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. அதே எமிட்டரில் 1 கிலோ ஓம் ஃபஸ் கண்ட்ரோல் இருக்கிறது. அதைத் திருப்பத் திருப்ப, 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒலிக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி திறந்துவிட, கெயின் ஏறுகிறது. ஏறிய சைகைக்கு 9 வோல்ட் பேட்டரிக்குள் இடம் போதாமல் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. நாம் கேட்கும் ஃபஸ் அந்த வெட்டுதான். ஜெர்மானியத்தில் வெட்டின் முனைகள் சற்று மழுங்கி இருப்பதால் காதுக்குக் கடுமை குறைவு.

இரண்டாவதன் கலெக்டரில் 8.2 கிலோ ஓமும் 470 ஓமும் தொடராக நிற்கின்றன. ஒலியை வெளியே எடுப்பது இவை இரண்டும் சேரும் இடத்தில். கலெக்டரில் ஆடும் வோல்ட்டில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்குதான் அங்கே கிடைக்கும். அது போதும், முழுதும் வெளியே வந்தால் எந்த ஆம்ப்ளிஃபையரும் திணறிவிடும். கடைசியாக 0.01 மைக்ரோஃபாரட், பிறகு 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல். அவ்வளவே.

இனி டிரான்சிஸ்டரைப் பொறுக்கும் வேலை. முதலாவதற்குக் கெயின் 70 முதல் 80 வரை, இரண்டாவதற்கு 110 முதல் 130 வரை என்று ஆர். ஜி. கீன் எழுதிய ஃபஸ் ஃபேஸ் கட்டுரை வழி காட்டுகிறது. ஆனால் மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் செருகி வரும் எண்ணை ஜெர்மானிய விஷயத்தில் நம்பக் கூடாது. மீட்டர் கசிவையும் கெயினோடு சேர்த்து எண்ணிவிடும். கீன் சொல்லும் முறை எளிது. 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் 2,472 ஓம், பேஸில் 2.2 மெகா ஓம் வழியாக ஒரு சுவிட்ச். சுவிட்சைத் திறந்து வைத்தபடி கலெக்டர் ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டை அளந்தால் அது கசிவு. மூடி அளந்தால் கசிவும் கெயினும் சேர்ந்தது. கழித்து 100ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். திறந்தபோது 0.49 வோல்ட், மூடியபோது 1.28 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டர் இதை 130க்குப் பக்கத்தில் காட்டி, இரண்டாம் இடத்துக்கு ஏற்றதுபோல் ஆசை காட்டும். உண்மையில் அதன் கெயின் 79, கசிவு 200 மைக்ரோ ஆம்பியர். அது முதல் இடத்துக்கே தகும், அங்கும் அந்தக் கசிவு சற்று அதிகம்தான்.

அளக்கும்போது குப்பியை விரலால் பிடிக்கக் கூடாது. உடம்புச் சூட்டிலேயே எண் ஏறும். செருகிவிட்டுச் சில நிமிடம் விட்டு, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ள வேண்டும். போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வைப்பது நல்லது. செய்தே ஆகவேண்டுமென்றால் காலை நோஸ் பிளையரால் கவ்விப் பிடித்து, சூடு உள்ளே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்கேடி275 என்று புதிதாக அச்சடித்த போலிகளும் விலைக்கு வருகின்றன. பேரைப் பார்த்து அதிகப் பணம் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய ரேடியோவிலிருந்து கழற்றி அளந்து தேறிய ஏசி128 அந்த இடத்தில் நன்றாகவே பாடும்.

பிஎன்பி என்பதால் இந்தச் சர்க்யூட்டில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி போட்டுவிடுவது நிம்மதி. ஜெர்மானியமே வேண்டாம் என்பவர்களுக்கு சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிசி547 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸே 1960களின் இறுதியில் சிலிக்கானுக்கு மாறிய பெடல்தான். கெயின் சில நூறு இருக்கும், ஒலி கூர்மையாக வரும், சூட்டுக்கு அசையாது. நெகட்டிவ் கிரவுண்ட் என்பதால் அடாப்டர் தொல்லையும் இல்லை. சில சமயம் வானொலி நிலையம் உள்ளே நுழைந்து பேசும். பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோஃபாரட் அளவில் ஒரு சிறு கெப்பாசிட்டர் போட்டால் அடங்கிவிடும்.

ஜெர்மானியத்தோடுதான் போவேன் என்பவர் தமிழ்நாட்டு வெயிலைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் கசிவு எல்லை, 20 டிகிரியை ஒட்டிய அறைக்குப் பொருந்தும். மே மாதப் பிற்பகலில் சென்னையில் 38 டிகிரி இருக்கும்போது அதே டிரான்சிஸ்டரின் கசிவு மூன்றரை மடங்காகிவிடும். ஏசி அறையில் இனிமையாக ஒலித்த பெடல், திறந்தவெளி மேடையில் சுரம் முடியுமுன்பே மூச்சடைத்து விட்டுவிட்டுக் கத்தும். இரண்டாவதன் கலெக்டர் வோல்ட் நடுவிலிருந்து நகர்ந்துவிட்டதுதான் காரணம். ஆகவே இங்கே செய்பவர்கள் கசிவு மிகக் குறைந்ததையே பொறுக்க வேண்டும். 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசிந்தால், கெயின் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம். 8.2 கிலோ ஓமுக்குப் பதில் 20 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றை வைத்து, பெட்டியின் மேல் சிறு துளையிட்டு, ஸ்க்ரூ டிரைவர் எட்டும்படி செய்துகொள்ளுங்கள். மேடையில் பெடல் அரைமணி நேரம் கிடந்து சூடேறிய பிறகு, கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருப்பினால் போதும். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராக இதற்குள் வரட்டும், நடுவே வேறு பெடல் வேண்டாம். இதன் உள்ளீட்டு மின்தடை சில கிலோ ஓம்தான் என்பதால் கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்த மாத்திரத்தில் ஃபஸ் விலகிக் கம்பியின் நாதம் தெளிந்து வரும், மறுபடி ஏற்றினால் கரகரப்பு திரும்பும். நடுவே இன்னொரு பெடல் வந்து உட்கார்ந்தால் அந்த விளையாட்டு போய்விடும்.