கேள்விச் சீட்டுக்கு ஆள் சேர்ந்த கதை

கேள்விச் சீட்டு விளையாட்டில் ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. கட்டிலிருந்து ஒருவர் ஒரு சீட்டை எடுக்கிறார். அதில் அவரைப் பற்றியே ஒரு கேள்வி இருக்கிறது. அவர் பதில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரம்மிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, நாலு பேர் உட்கார்ந்தால் கட்டு தானாக வெளியே வரும். தன்னைப் பற்றிப் பேசச் சொல்லும் சீட்டுக்கு அந்த வசதி கிடையாது. கூச்சப்படுகிறவர்களை உட்காரவைக்க யாராவது ஒருவர் முன்கை எடுக்க வேண்டும். அந்த ஒருவர் காலத்துக்குக் காலம் மாறிவந்ததுதான் இந்த விளையாட்டின் வரலாறு.

சீட்டு வருவதற்கு முன் நோட்டு இருந்தது. 1860களில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் ‘கன்ஃபெஷன்ஸ்’ ஆல்பம் பரவியது. பிடித்த குணம் எது, பிடித்த எழுத்தாளர் யார், எதை வெறுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். விருந்தாளி பதில் எழுத எதிரே வெற்றிடம். ஆல்பத்தை நீட்டியவர்களில் பலர் அந்தந்த வீட்டு இளம்பெண்கள். கல்லூரியின் கடைசி நாளில் ஆட்டோகிராஃப் நோட்டுடன் அலைந்த தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1865இல் கார்ல் மார்க்ஸே இதில் மாட்டிக்கொண்டார். மகள்கள் கேட்டார்கள், எழுதிக்கொடுத்தார். 1880களில் பாரிஸில், பின்னாளில் பிரான்ஸின் குடியரசுத் தலைவரான ஃபெலிக்ஸ் ஃபோரின் மகள் அந்துவானெத், தன் ஆல்பத்தைப் பதின்ம வயது நண்பன் ஒருவனிடம் கொடுத்தாள். அவன்தான் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற மார்செல் புரூஸ்ட். அவர் இறந்த பிறகு 1924இல் அந்தப் பதில்கள் அச்சேறின. கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. ஆனாலும் உலகம் அதைப் ‘புரூஸ்ட் கேள்வித்தாள்’ என்றே அழைக்கிறது. 1993 முதல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் பிரபலங்களிடம் அந்தப் பாணிக் கேள்விகளைக் கேட்டு வெளியிட்டுவருகிறது.

ஆல்பத்தில் விளையாட்டு உண்டு, சுயவளர்ச்சி என்ற பேச்சு இல்லை. அந்தப் பேச்சு அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1946இல் கனெக்டிகட் மாநிலத்தில் உளவியலாளர் கர்ட் லெவின் நடத்திய பயிலரங்கிலிருந்து குழுப் பயிற்சி முறை ஒன்று பிறந்தது: வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் இன்னொருவரை எப்படிப் பார்க்கிறார் என்பதை முகத்துக்கு நேரே சொல்வது. 1962இல் கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் தொடங்கிய எஸாலன் நிலையம் அதைப் பணம் கட்டிச் செய்யும் வாரக்கடைசிப் பயணமாக்கியது. மனம்விட்டுப் பேசுவது கற்றுக்கொள்ளக்கூடிய கலை என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது.

அதே கலிபோர்னியாவில்தான் ரியா ஸாகிச் என்ற குடும்பத்தலைவி 1970களின் தொடக்கத்தில் ‘அன்கேம்’ விளையாட்டை உருவாக்கினார். குரல்நாணில் கட்டி, அறுவைச் சிகிச்சை, பேசவே கூடாது என்று மருத்துவர் உத்தரவு. மௌனமாக இருந்த அந்த நாள்களில், தன் வீட்டாரோடு தான் உண்மையில் என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்துக் கேள்விகளைச் சீட்டுகளில் எழுதத் தொடங்கினார். முதலில் ஆடியவர்கள் கணவரும் இரண்டு மகன்களும். பலகையும் காயும் பகடையும் உண்டு; ஆனால் பரமபதத்தில் இருப்பதுபோல் ஏறிச் சேரவேண்டிய கடைசிக் கட்டம் கிடையாது. ஒருவர் பதில் சொல்லும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. கருத்துச் சொல்வதானால் அதற்கான கட்டத்தில் காய் நிற்க வேண்டும். பேச முடியாதவர் செய்த விளையாட்டின் மையவிதி, பேசாமல் கேட்பது.

பொம்மைக் கடை அலமாரியில் இப்படிப்பட்ட பெட்டியைப் பார்த்து வாங்க யாருக்கும் சட்டென்று தோன்றாது. அன்கேம் வேரூன்றிய இடங்கள் தேவாலயக் குழுக்கள், பள்ளிகள், மனநல ஆலோசகர்களின் அறைகள். பாதிரியாரும் ஆசிரியரும் ஆலோசகரும் ஏற்கெனவே ஆட்களைக் கூட்டிவைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. பின்னர் பலகை இல்லாத கைக்கடக்கப் பதிப்புகள் சிறுவர், பதின்ம வயதினர், தம்பதியர், கிறிஸ்தவர் என்று தனித்தனியாக வந்தன. யாரிடம் விற்பது என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்ட முறை அது.

குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1973இல் வெளியிட்ட ‘பேசுதல், உணர்தல், செய்தல்’ விளையாட்டு இன்னும் குறுகலான வாசலைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவரிடம் வாய்திறக்காத குழந்தைக்காகவே செய்தது அது. சீட்டுக்குப் பதில் சொன்னால் ஒரு வில்லை பரிசு. வாங்குபவர் மருத்துவர், ஆடுபவர் குழந்தை. ஸ்காட்லாந்தின் ஃபிண்ட்ஹார்ன் ஆன்மிகச் சமூகத்தில் 1970களின் இறுதியில் ஜாய் டிரேக் உருவாக்கிய ‘டிரான்ஸ்ஃபர்மேஷன் கேம்’ பயிற்சி பெற்ற நடத்துநருடன் ஆடப்பட்டது. அதிலிருந்து பிரிந்து தனியாக விற்ற, ஒற்றைச் சொல் கொண்ட ‘ஏஞ்சல்’ சீட்டுகளுக்கு நடத்துநர் வேண்டியிருக்கவில்லை. தாய் விளையாட்டைவிட அவை வெகுதூரம் போனதற்கு அதுவே போதுமான காரணம்.

1997இல் உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழு, அறிமுகமற்ற இருவரை 45 நிமிடத்தில் நெருங்கவைக்கும் 36 கேள்விகளை ஆய்விதழில் வெளியிட்டது. பொதுமக்களிடம் அவை 18 ஆண்டுகள் கழித்துத்தான் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தன. 2015 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் மேண்டி லென் கேட்ரன் தன் காதலை அந்தக் கேள்விகளோடு சேர்த்து எழுதினார். கட்டுரை உலகம் சுற்றியது. அறிவியல் கேள்விகளைத் தந்தது, ஆளைச் சேர்த்தது காதல் கதை.

அடுத்து வந்தவர்கள் முதலில் ஆள், பிறகு பெட்டி என்று வரிசையையே மாற்றினார்கள். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கொரீன் ஒடினி, அந்நியர்களைப் படம்பிடித்துக் கேள்வி கேட்டு இன்ஸ்டாகிராமில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, 2018இல் ‘வி ஆர் நாட் ரியலி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற சிவப்புப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூன்று படிநிலைகள், கடைசிச் சீட்டில் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி, பிரிந்த பிறகே திறந்து படிக்க வேண்டும். தம்பதியருக்கான ஆலோசனையில் பெயர்பெற்ற எஸ்தர் பெரலும் அதே வழியில் போனார். 2017இல் பாட்காஸ்ட், 2021இல் அதே பெயரில் சீட்டுக்கட்டு. வாங்கியவர்களில் பலருக்கு, பெட்டியைத் திறக்கும் முன்பே அவர் குரல் பழக்கமாகியிருந்தது.